கோயிலுக்குத் தேவை காசோலையா, நிலப்பட்டாவா?

கோலாலம்பூர், ஜாலான் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் உள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் 2025 மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஏறக்குறைய 130 ஆண்டுகள் பழமையானது என்று சொல்லப்படும் அந்த ஆலயம் இருந்த நிலத்தைக் கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2014ஆம் ஆண்டிலேயே ஜேக்கல் நிறுவனத்திற்கு விற்றுவிட்டது. அங்கே பள்ளிவாசல் எழுப்பப்படும் என்றும், மார்ச் 27ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அடிக்கல் நாட்டுவார் என்றும் அறிவிப்பு வந்த பிறகுதான் பெரும்பாலான இந்துக்களுக்கு விஷயமே தெரிந்தது.

அடிக்கல் நாட்டு நாளுக்குச் சற்று முன்பாக உடன்பாடு ஏற்பட்டது. ஆலயம் சுமார் 50 மீட்டர் தள்ளி, 4,000 சதுர அடி கொண்ட இடத்திற்கு மாறும். அந்த இடம் வழிபாட்டுத் தலத்திற்கான நிலமாக அரசிதழில் பதிவு செய்யப்படும். ஆலய நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டது. அடிக்கல் நாட்டு விழாவும் அமைதியாக நடந்து முடிந்தது.

அதன் பிறகு இரண்டு குரல்கள் ஓங்கி ஒலித்தன. "கைகலப்பு இல்லாமல் முடிந்ததே, அதுவே போதும்" என்றது ஒன்று. "இன்று இந்தக் கோயில், நாளை எந்தக் கோயில்?" என்றது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால், இந்த இரண்டுக்கும் முன்பாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று சத்தத்தில் அமுங்கிப் போனது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பகுதியில் விளக்கேற்றி வந்த ஒரு கோயிலின் கையில் ஏன் ஒரு துண்டு நிலப்பட்டாகூட இல்லை?

தலைநகரின் மையத்திலேயே நிலைமை இதுவென்றால், தோட்டப்புறங்களிலும் பழைய ரயில் பாதையோரங்களிலும் உள்ள கோயில்களின் நிலை என்ன என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துரை கொடுத்த அனுமதி

தோட்டக் கோயில்களின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரப்பர் காட்டை அழித்து லயன் வீடுகள் கட்டப்பட்ட இடங்களில் எல்லாம், கூடவே ஒரு மாரியம்மனும், எல்லையில் ஒரு முனீஸ்வரரும், மதுரை வீரனும் வந்தார்கள். பால்மரம் வெட்டப் போகுமுன் கும்பிட ஒரு சாமி வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். தோட்டத் துரைமாரும் தடை சொல்லவில்லை. கோயில் இருந்தால் ஆள்கள் தோட்டத்தை விட்டுப் போகமாட்டார்கள் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. பல தோட்டங்களில் திருவிழாவுக்கு நிர்வாகமே பணம் கொடுத்தது. தொழிலாளர் சம்பளத்தில் மாதந்தோறும் கோயில் பணம் பிடிக்கப்பட்டதும் உண்டு.

ஆனால், அந்த அனுமதி வாய்மொழி அனுமதி. நிலம் கம்பெனியின் பெயரில் இருந்தது. லயன் வீடும் கம்பெனியுடையது, பள்ளிக்கூடம் நின்ற மண்ணும் கம்பெனியுடையது, கோயில் நின்ற மண்ணும் கம்பெனியுடையது. தினக்கூலிக்கு வேலை செய்த தொழிலாளி நில அலுவலகத்திற்குப் போய், கோயில் நிலத்தைப் பிரித்துத் தனிப் பட்டா கொடுங்கள் என்று கேட்டிருக்க வழியே இல்லை. அவரிடம் பணமும் இல்லை, அதற்கான மொழியும் இல்லை. பல இடங்களில் குடியுரிமைப் பத்திரமே கைக்கு வந்து சேரவில்லை.

பிறகு காலம் மாறியது. ஆங்கிலேயக் கம்பெனிகள் கைமாறின. 1980களுக்குப் பிறகு சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பேராக், கெடா, ஜோகூர் மாநிலங்களில் தோட்டம் தோட்டமாக வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தொழிலாளர்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும், பட்டணத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் போனார்கள். கோயில் மட்டும் அங்கேயே நின்றது. சுற்றிலும் சாலை வந்தது, பேரங்காடி வந்தது. ஒரு நாள் புதிய உரிமையாளரின் வழக்கறிஞரிடமிருந்து கடிதமும் வந்தது.

தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதே கதைதான். நிலம் அரசுடையது அல்ல என்ற ஒரே காரணத்தால் பல தமிழ்ப்பள்ளிகள் இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன. பள்ளிக்கூடத்திற்காவது கல்வி அமைச்சு என்ற ஒரு வாசல் உண்டு. கோயிலுக்கு அப்படித் தட்டுவதற்கென்று ஒரே வாசல் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

சமூக வலைத்தளங்களில் "குயில் ஹராம்" என்ற சொல் இப்போது சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. சட்டவிரோதக் கோயில் என்பது பொருள். நேற்று பாலத்தடியில் வைக்கப்பட்ட சூலத்தையும், நான்கு தலைமுறை கும்பிட்ட மாரியம்மனையும் அந்தச் சொல் ஒரே தராசில் வைக்கிறது. சொல்லின் கொடுமை அதில்தான் இருக்கிறது. அதற்காகச் சட்டம் சொல்வதைக் கேட்காமல் இருந்துவிடவும் முடியாது.

கூட்டரசு அரசியலமைப்பின் 3ஆவது விதி, இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்றும், மற்றச் சமயங்களை அமைதியாகவும் இணக்கமாகவும் பின்பற்றலாம் என்றும் சொல்கிறது. 11ஆவது விதியின் 3ஆவது பிரிவு இன்னும் தெளிவானது. ஒவ்வொரு சமயப் பிரிவினரும் தங்கள் சமய விவகாரங்களைத் தாங்களே நடத்தலாம், சமய, அறநிலையங்களை அமைத்துப் பராமரிக்கலாம், சொத்து வாங்கி வைத்திருந்து சட்டப்படி நிர்வகிக்கலாம். ஆக, கோயில் வைத்திருப்பது யாரும் போட்ட பிச்சை அல்ல, அது உரிமை.

ஆனால், "சட்டப்படி" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 48ஆவது பிரிவின்படி, அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த இருப்பைக் காட்டி உரிமை கோர முடியாது. தனியார் நிலத்திற்கும் 341ஆவது பிரிவு ஏறக்குறைய இதையே சொல்கிறது. இந்தியாவில் நீண்டகால அனுபோகத்தைக் காட்டி உரிமை கோர முடிவதுபோல இங்கே முடியாது. "நூறு வருஷமாக இருக்கிறோம்" என்ற வாதம் மனத்தைத் தொடும், நாளிதழில் தலைப்பாகும். நீதிமன்றத்தில் அது பட்டாவாக மாறாது.

ஆலய நிர்வாகங்களிடம் நீண்ட காலமாக உள்ள ஒரு குழப்பத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சங்கங்களின் பதிவிலாகாவில் ஆலயத்தைப் பதிந்துவிட்டோம், அதனால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி செய்யப்படும் அந்தப் பதிவு நிர்வாகக் குழுவுக்குத்தான் அங்கீகாரம் தருகிறது. கோயில் நிற்கும் மண்ணுக்கு அது எந்த உரிமையும் தராது. மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் தவறாமல் கட்டுவது கோயிலின் வயதுக்குச் சாட்சி. நிலத்துக்குச் சாட்சி அல்ல. தற்காலிகக் குடியிருப்பு உரிமம் கிடைத்தாலும் அது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. டிசம்பர் முடிந்தால் அதன் ஆயுளும் முடிந்தது.

உறுதியான பாதுகாப்பு தரக்கூடிய வழிகள் இரண்டுதான். ஒன்று, ஆலயத்தின் பெயரிலோ அறங்காவலர் பெயரிலோ நிலப்பட்டா. மற்றொன்று, தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி மாநில அரசு அந்த நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கி அரசிதழில் வெளியிடுவது. அப்படி ஒதுக்கப்பட்ட நிலத்தை ஓசையில்லாமல் விற்றுவிட முடியாது. ஒதுக்கீட்டை நீக்குவதற்கும் முறையான நடைமுறை உண்டு. மஸ்ஜிட் இந்தியா உடன்பாட்டில் 50 மீட்டர், 4,000 சதுர அடி என்ற எண்களைவிட மதிப்புள்ளது அரசிதழ் பதிவு என்ற வாக்குறுதிதான்.

மூன்று சம்பவங்கள், ஒரே வேர்

கடந்த இருபது ஆண்டுகளில் நாட்டை உலுக்கிய மூன்று சம்பவங்களை எடுத்துக்கொள்வோர்க்கு, மூன்றிலும் ஒரே வேர் ஓடுவது தெரியும்.

2007 அக்டோபர் 30ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாள்களே இருந்த நேரத்தில், ஷா ஆலம், பாடாங் ஜாவா, கம்போங் ரிம்பா ஜெயாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள் நவம்பர் 25ஆம் தேதி ஹிண்ட்ராஃப் பேரணியில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டார்கள். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. மஇகாவின் தேசியத் தலைவர் டத்தோஸ்ரீ சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். அந்த மாற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அதில் உடைக்கப்பட்ட கோயிலுக்கும் பங்கு இருந்ததை யாரும் மறுக்கவில்லை.

2009 ஆகஸ்ட் 28ஆம் தேதி, ஷா ஆலம் 19ஆவது பிரிவிலிருந்த கோயிலை 23ஆவது பிரிவுக்கு மாற்றுவதை எதிர்த்து, ஒரு கூட்டம் வெட்டப்பட்ட மாட்டுத் தலையுடன் மாநிலச் செயலகத்துக்கு ஊர்வலம் போனது. கோயில் இடம் மாறச் சம்மதித்தாலும் போய்ச் சேரும் இடத்தில் வரவேற்பு இருக்குமா என்ற கேள்வியை அந்தச் சம்பவம் விட்டுச் சென்றது.

2018 நவம்பர் 26ஆம் தேதி அதிகாலையில் சுபாங் ஜெயா, சீபீல்ட் மாரியம்மன் ஆலயத்தில் கலவரம் மூண்டது. அது தோட்டத்துக் கோயில். நிலம் மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. 2014இல் நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்பு பதிவானது. ஆனால், ஆலயம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதிலேயே தரப்புகளுக்கிடையே பிணக்கு இருந்ததால், ஒரு தரப்பு ஒப்புக்கொண்டதை மற்றத் தரப்பு ஏற்கவில்லை. அந்தக் கலவரத்தின்போது காயமடைந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பர் 17ஆம் தேதி உயிரிழந்தார். ஒரு குடும்பத்தின் பிள்ளை போனான். ஒரு நிலத்தகராறு இனத்தகராறாக மாறி, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

மூன்றிலும் முதலில் நடந்தது நிலமாற்றம். அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. புல்டோசர் வாசலுக்கு வந்த பிறகு, அல்லது விழா தேதி குறித்த பிறகு எல்லாரும் ஓடி வந்தார்கள். மஸ்ஜிட் இந்தியாவிலும் நிலம் விற்கப்பட்டதற்கும் சர்ச்சை வெடித்ததற்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

அம்மன் இடம் மாறலாமா?

இனி சமயத்தின் கேள்விக்கு வர வேண்டும். "சாமி இருக்கிற இடத்தை விட்டு நகர்த்துவது பாவம்" என்பவர்கள் ஏராளம். "கல்தானே, எடுத்து வைத்தால் போயிற்று" என்று எளிதாகச் சொல்பவர்களும் உண்டு. மரபு இந்த இரண்டு பக்கமும் சாயவில்லை.

ஆகம முறையில் அமைந்த ஆலயங்களில் திருப்பணி நடக்கும்போது மூலவரின் அருட்சக்தியைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதியில் வைத்து வழிபடும் முறை உண்டு. திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடந்த பிறகுதான் சக்தி மீண்டும் மூலவரிடம் சேர்க்கப்படுகிறது. இடம் மாறுவதற்குச் சமயத்திலேயே வழி இருக்கிறது. அதற்கு நாள் உண்டு, முறை உண்டு, மந்திரம் உண்டு. வழக்கறிஞர் கடிதம் கொடுக்கும் 14 நாளில் முடிகிற வேலை அல்ல அது.

எல்லைத் தெய்வங்களின் நிலை வேறு. முனீஸ்வரருக்கு மரமே கோயில். நாகம்மனுக்குப் புற்றே கருவறை. மரத்தையும் புற்றையும் லாரியில் ஏற்ற முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் தெய்வமும் மண்ணும் ஒன்றாகவே பார்க்கப்படுகின்றன. ஆகமக் கோயிலுக்குச் சொல்லும் சமாதானத்தை இங்கே சொன்னால் வயதானவர்கள் மனம் ஒப்பாது. அந்த வேதனையைப் பின்தங்கிய எண்ணம் என்று ஒதுக்குவது தவறு.

அதே வேளையில், தமிழ் மரபில் பிடிமண் என்ற வழக்கம் ஒன்று உண்டு. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போகிறவர்கள், குலதெய்வம் நிற்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சென்று, போன இடத்தில் அதை வைத்துக் கோயில் எழுப்புவார்கள். கடல் கடந்து சஞ்சிக்கூலியாகவும் கங்காணி ஆளாகவும் வந்தவர்கள் தெய்வத்தை ஊரில் விட்டுவிட்டு வரவில்லை. மனத்திலும் மடியிலும் கொண்டுவந்தார்கள். மலாயாவின் மாரியம்மன்கள் எல்லாரும் ஒரு வகையில் இடம் மாறி வந்தவர்களே.

எனவே, இடம் மாறவே கூடாது என்பது சமயத்தின் சட்டம் அல்ல. ஆனால், மாறியவள்தானே, மறுபடியும் மாறட்டும் என்று யாரும் மலிவாகப் பேசவும் முடியாது. தோட்டத்திலிருந்து ஒரு முறை, நெடுஞ்சாலைக்காக ஒரு முறை, வீடமைப்புக்காக ஒரு முறை என்று இருபது ஆண்டுக்கு ஒரு தரம் சாமியைத் தூக்கிக்கொண்டு அலையும் சமூகத்தின் பிள்ளைகள், இந்த நாட்டில் தங்களுக்கு நிரந்தர இடம் உண்டா என்று கேட்கத் தொடங்குவார்கள். பத்ரகாளியம்மனுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதியின் உண்மையான கனம் அங்கேதான் இருக்கிறது. இந்த இடமாற்றம் கடைசி இடமாற்றமாக இருக்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் அரசிதழ், பிறகு பாலாலயம், பிறகு புதிய கட்டடம், கடைசியாகத்தான் பழைய கட்டடத்தில் கை வைக்க வேண்டும். பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாகப் போயிருக்கிறது. முதலில் உடைப்பு, பிறகு தகரக் கொட்டகை, அதன் பிறகு வாக்குறுதி. பட்டா மட்டும் வரவே வராது.

காசோலைப் புகைப்படங்கள்

தேர்தல் நெருங்கினால் கோயில்களுக்குக் காசோலை வரும். பெரிய அட்டையில் அச்சடித்த காசோலை, மாலை, பொன்னாடை, புகைப்படம். மறுநாள் செய்தியிலும் வரும். எந்தக் கட்சியும் இதற்கு விலக்கல்ல. அண்மையில் மித்ரா வழியாக 1,000 ஆலயங்களுக்குத் தலா 20,000 ரிங்கிட் வழங்கும் தர்மா மடானி திட்டம் அறிவிக்கப்பட்டது. சமய வகுப்பும் பண்பாட்டு நடவடிக்கையும் நடத்த அந்தப் பணம் சிறிய ஆலயங்களுக்கு நிச்சயம் உதவும். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், நிலம் யாருடையது என்று தெரியாத ஆலயத்திற்கு 20,000 ரிங்கிட் கொடுத்தாலும், இரண்டு லட்சம் கொடுத்துக் கோபுரம் கட்டினாலும், அது அடுத்தவர் மண்ணில் போட்ட பணம்தான். கோபுரத்திற்கு வண்ணம் பூசக் காசு கேட்கும் நிர்வாகம், நில அலுவலகத்தில் பல ஆண்டுகளாகத் தூங்கும் மனுவைப் பற்றி அதே மேடையில் கேட்பதில்லை. கேட்டால் விருந்தினர் முகம் சுளிப்பார் என்ற தயக்கம். அரசியல்வாதிக்கும் காசோலை எளிது. ஒரே நாளில் கொடுத்துவிடலாம். பட்டா வாங்கித் தர நில அலுவலகம், மாவட்ட அலுவலகம், மாநில ஆட்சிக்குழு என்று பல படிகள் ஏற வேண்டும். அதற்குப் புகைப்படமும் கிடையாது.

சிலாங்கூரில் முஸ்லிம் அல்லாதோர் விவகாரங்களுக்கென லிமாஸ் என்ற குழு இயங்குகிறது. இத்தகைய அமைப்புகளின் வெற்றியை, கொடுத்த மானியத்தின் தொகையை வைத்து அளப்பதைவிட, ஆண்டுக்கு எத்தனை வழிபாட்டுத் தலங்களின் நிலம் அரசிதழில் ஏறியது என்பதை வைத்து அளப்பதுதான் பொருத்தம். சட்டமன்ற உறுப்பினர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை வாக்காளர்களுக்கு உண்டு.

பினாங்கும் சிங்கப்பூரும்

பினாங்கில் ஆங்கிலேயர் காலச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்து அறப்பணி வாரியம் இன்றும் இயங்குகிறது. ஆலயச் சொத்துகளையும் நிலங்களையும் பொறுப்பேற்று நிர்வகிக்கும் அதிகாரம் அதற்குச் சட்டப்படி உண்டு. மற்ற மாநிலங்களில் அப்படி ஒரு சட்ட அமைப்பு இல்லை. மலேசிய இந்து சங்கம் 1965 முதல் செயல்பட்டு வந்தாலும் அது ஒரு பொது இயக்கம். ஆலோசனை சொல்லலாம், குரல் கொடுக்கலாம். நிலத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக் காக்கும் சட்ட அதிகாரம் அதனிடம் இல்லை.

சிங்கப்பூரில் 1969ஆம் ஆண்டு இந்து அறக்கட்டளை வாரியம் அமைக்கப்பட்டது. ஸ்ரீ மாரியம்மன், ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள், ஸ்ரீ சிவன், ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆகிய நான்கு ஆலயங்கள் அதன் நேரடி நிர்வாகத்தில் உள்ளன. ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த சிவன் ஆலயம், பெருவிரைவு ரயில் நிலையப் பணிகளுக்காக 1983இல் இடம் மாற வேண்டியிருந்தது. தற்காலிக இடத்தில் பத்து ஆண்டுகள் வழிபாடு நடந்து, 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் புதிய ஆலயம் குடமுழுக்குக் கண்டது. பக்தர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது. என்றாலும், பேச்சு நடத்துவதற்கு ஒரே அமைப்பு இருந்தது. யார் தலைவர் என்ற சண்டை இல்லை.

சிங்கப்பூர் முறையில் எல்லாமே உயர்வு என்று சொல்லிவிடவும் முடியாது. அங்கே வழிபாட்டுத் தலங்களுக்கான நிலம் பொதுவாக 30 ஆண்டுக் குத்தகையில்தான் கிடைக்கிறது. சாலையோரத்து முனியாண்டிக்கு அங்கே இடமே இல்லை. மலேசியத் தோட்டப்புறத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் நாட்டார் வழிபாடு அந்தத் தீவில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதை இங்குள்ள இந்துக்கள் தாங்களே பேசி முடிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் குறை

அரசாங்கத்தை மட்டும் குறை சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் இந்துக்கள் 6.1 விழுக்காடு. இந்தச் சிறிய சமூகத்தில் ஒரே வட்டாரத்தில் ஐந்தாறு கோயில்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு நிர்வாகக் குழு, இரண்டு குழுவுக்கும் தனித்தனி வழக்கறிஞர் என்ற நிலை புதிதல்ல. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தாத, கணக்கு காட்டாத ஆலயம் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும்போது எதிர்த்தரப்பு முதலில் கேட்பது, "நீங்கள் யார் சார்பில் பேசுகிறீர்கள்?" என்பதுதான். சீபீல்ட் கற்றுத் தந்த பாடமும் அதுவே.

அனுமதியில்லாமல் புதிது புதிதாக எழும்பும் சிறு சந்நிதிகளைப் பற்றியும் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. குறி சொல்லும் ஒருவர், சாலையோரம் ஒரு கொட்டகை, ஒலிபெருக்கி. அக்கம்பக்கத்தார் புகார் செய்து மாநகராட்சி உடைக்க வந்ததும், "இந்துக் கோயிலை உடைக்கிறார்கள்" என்ற காணொளி பரவுகிறது. நூறு ஆண்டுத் தோட்டக் கோயிலுக்கு வேண்டிய அனுதாபத்தை இத்தகைய சம்பவங்கள் கரைத்துவிடுகின்றன. பழைய கோயிலைக் காக்க வேண்டுமானால், கண்ட இடத்தில் புதிது முளைப்பதைச் சமூகமே தடுக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. மஸ்ஜிட் இந்தியா என்ற பெயரே இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலால் வந்தது. அந்த வீதியில் சேலைக்கடையும் பூக்கடையும் நகைக்கடையும் வைத்திருப்பவர்களில் இரு சமயத்துத் தமிழர்களும் உண்டு. தலைமுறைகளாகப் பள்ளிவாசலும் அம்மன் கோயிலும் அந்தப் பகுதியில் அருகருகே இருந்திருக்கின்றன. கைப்பேசியில் இந்த விவகாரம் இரு சமயங்களின் மோதலாகக் காட்டப்பட்டது. உண்மையில் அது ஒரு விற்பனைப் பத்திரத்தையும், விற்கும்போது கோயிலின் கதி என்ன என்று கேட்கத் தவறிய நிர்வாகத்தையும் பற்றிய விவகாரம். அதைப் பள்ளிவாசலுக்கு எதிரான கோபமாக மாற்றுவதில் கோயிலுக்கு எந்த நன்மையும் இல்லை.

இப்போதே செய்ய வேண்டியவை

புல்டோசர் வருவதற்கு முன்பு செய்யக்கூடிய வேலைகள் உள்ளன. அவற்றுக்குப் பெரும் செலவும் இல்லை.

முதலாவது, கோயில் நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் முறைப்படி தேடிப் பார்ப்பது. அந்த விவரத்திற்குச் சிறு கட்டணம்தான். எத்தனையோ நிர்வாகங்கள் இதை ஒருமுறைகூடச் செய்ததில்லை. நிலம் கைமாறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அடிக்கல் நாட்டு விழா அழைப்பிதழைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவலம் வராது.

இரண்டாவது, கோயிலின் வயதுக்கான ஆதாரங்களைத் திரட்டுவது. பழைய திருவிழா நோட்டீஸ், தோட்ட நிர்வாகத்தின் கடிதம், கும்பாபிஷேகக் கல்வெட்டு, மின்சார ரசீது, கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். இவை பட்டா ஆகாது. ஆனால், மாற்று நிலமும் இழப்பீடும் பேசும்போது இவைதான் பேசும். பழமையும் சிறப்பும் உள்ள கோயிலாக இருந்தால் 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் துணையையும் நாடலாம். இந்த ஆதாரங்கள் பெரும்பாலும் வயதானவர்களின் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. அவர்கள் போனால் அவையும் போய்விடும்.

மூன்றாவது, ஊராட்சி மன்றங்கள் தங்கள் வட்டாரத்திற்கான உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் நாள்களைத் தவறவிடாமல் இருப்பது. நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஆட்சேபம் தெரிவிக்க அப்போது வாய்ப்பு உண்டு. வரைபடத்தில் கோயில் இருக்கும் இடம் வணிக நிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால் அன்றே எழுத்துமூலம் ஆட்சேபிக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்துச் சாலையில் நின்று கத்துவதைவிட அந்த ஒரு கடிதத்திற்கு வலிமை அதிகம்.

நான்காவது, பெரிய தோட்ட நிறுவனங்களிடமும் மேம்பாட்டு நிறுவனங்களிடமும், திட்ட அனுமதி கொடுக்கும்போதே வழிபாட்டுத் தலத்திற்கு நிலம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று மாநில அரசுகள் நிபந்தனை விதிப்பது. பள்ளிக்கும் திடலுக்கும் நிலம் ஒதுக்கப்படுவதுபோல இதுவும் ஒதுக்கப்பட வேண்டும். தங்கள் ரப்பரை நூறு ஆண்டு வெட்டிக் கொடுத்தவர்களின் கோயிலுக்கு அரை ஏக்கர் கொடுப்பது எந்தக் கம்பெனியையும் ஏழையாக்காது.

இவற்றில் முதல் மூன்றும் ஆலய நிர்வாகங்களின் கையில் இருக்கின்றன. நான்காவது அரசின் கையில் இருக்கிறது. ஆனால், கேட்காமல் கிடைக்காது.

ஆடி மாதக் கூழ் ஊற்றுதலும் பங்குனித் திருவிழாவும் எந்தத் தோட்டத்திலும் நிற்கப் போவதில்லை. பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அந்த நாள்களில் பழைய தோட்டத்துக்கு வந்து பால்குடம் எடுப்பார்கள், காவடி தூக்குவார்கள். அடுத்த திருவிழாவில் வரவு செலவு வாசிக்கும்போது, அவர்களில் ஒருவராவது எழுந்து, "தலைவரே, கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்கட்டும். பதில் சொல்ல முடியவில்லை என்றால், மறுவாரமே நில அலுவலகத்திற்குப் போக யாராவது இருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிட்டுக் கூட்டத்தை முடிக்கட்டும்.